அரச உத்தியோகத்தரும் வெளிநாட்டு முதுமாணிப் புலமைப்பரிசிலும்: வாசகர் கேள்வி பதில்

இப்பகுதிக்கு அண்மைக் காலமாக வரும் கடிதங்களில் கணிசமானவை பிரதேச செயலகங்களிலிருந்தும் மாவட்டச் செயலகங்களிலிருந்தும் வருபவை. வளர்முக நாடுகளின் அரச உத்தியோகத்தர்களுக்கென்றே வழங்கப்படும் வெளிநாட்டு முதுமாணிப் புலமைப்பரிசில்களைப் பற்றி அவை கேட்கின்றன. திட்டமிடல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன், அத்தகைய ஒரு புலமைப்பரிசிலில் ஜப்பானில் படித்துத் திரும்பியவன் என்ற முறையில் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: இலங்கை நிருவாக சேவையின் மூன்றாம் தரத்தில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வயது 33. கலைப்பட்டத்தைத் தமிழ்மொழி மூலம் பெற்றேன். ஜப்பானியப் புலமைப்பரிசில் கொழும்பு அமைச்சுகளில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று சக உத்தியோகத்தர்கள் சொல்கிறார்கள். விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?
— உதவிப் பிரதேச செயலாளர், முல்லைத்தீவு மாவட்டம்

பயன் உண்டு. உங்கள் வயதும் சேவைக்காலமும் விண்ணப்பிப்பதற்கு மிகப் பொருத்தமானவை.

நீங்கள் குறிப்பிடுவது ஜே.டி.எஸ். என்று அழைக்கப்படும் மனிதவள அபிவிருத்திப் புலமைப்பரிசில். ஜப்பானிய அரசு 1999 ஆம் ஆண்டில் உஸ்பெகிஸ்தானையும் லாவோசையும் கொண்டு இதனைத் தொடங்கியது. இலங்கையிலிருந்து தெரிவான முதலாவது அணியினர் 2010 இல் ஜப்பான் சென்றார்கள். இது கடனுதவி அன்று, நன்கொடை. ஆகவே படிப்புக்குச் செலவாகும் பணத்தை நீங்களோ நாடோ திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. பொதுவாக நாற்பது வயதுக்கு உட்பட்ட, சேவையில் இருக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கு உரியது. முப்படையினர் விண்ணப்பிக்க முடியாது. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றின் மூலம் ஏற்கெனவே முதுமாணி பெற்றவர்களும் விண்ணப்பிக்க முடியாது. படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெறும் என்பதால் ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இத்திட்டத்தின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேடிப் பிடித்து அனுமதி பெற்று வருவதில்லை. நாட்டின் அபிவிருத்தித் தேவைகளை ஒட்டிச் சில துறைகள் முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பான பல்கலைக்கழகங்களும் குறித்து வைக்கப்படுகின்றன. நீங்கள் துறையைத் தெரிவு செய்கிறீர்கள். பின்னர் ஆவணப் பரிசீலனை, ஆங்கிலப் பரீட்சை, அடிப்படைக் கணிதப் பரீட்சை, அப்பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நடத்தும் துறைசார் நேர்முகத் தேர்வு, இறுதியாக இரு நாட்டு அரசுத் தரப்பினரும் அமர்ந்திருக்கும் குழுவின் பொது நேர்முகத் தேர்வு என்று படிப்படியாகச் செல்லும். விண்ணப்பித்ததிலிருந்து விமானம் ஏறுவது வரை ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்.

கொழும்பில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் பணியாற்றிய ஒரு செயலகத்துக்கு இத்தகைய அறிவித்தல் ஒன்று வந்தது. அமைச்சிலிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து எமக்கும் வந்து, விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் விடுமுறையில் இருந்தமையால் அவருடைய தட்டில் கிடந்து, என் மேசைக்கு வந்தபோது முடிவுத் திகதிக்கு மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. கொழும்பில் இருப்பவருக்கு அந்த அறிவித்தல் ஆறு வாரங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தொலைவில் இருப்பவர் இழப்பது அந்த ஆறு வாரங்களைத்தான். தெரிவுக்குழு அவரை ஒதுக்குகிறது என்று கொள்வதற்கு என் அனுபவத்தில் ஆதாரம் இல்லை. ஆகவே கடிதம் வரும் வரை காத்திராதீர்கள். ஜப்பானிய அரசின் உதவி முகவரகமான ஜைக்காவின் கொழும்பு அலுவலகமும் வெளிநாட்டு வளங்கள் திணைக்களமும் தங்கள் இணையத்தளங்களில் வெளியிடும் அறிவித்தல்களை ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே வாரம் ஒருமுறை பாருங்கள். பட்டச் சான்றிதழ், ஆங்கிலத்தில் பெறுபேற்று விபரம், நியமனக் கடிதம், சேவையில் நிரந்தரமாக்கப்பட்ட கடிதம், கடவுச்சீட்டு ஆகியவற்றை இப்போதே ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆங்கிலப் பெறுபேற்று விபரத்தைப் பெறுவதற்கே சிலருக்கு ஒரு மாதம் போய்விடுகிறது.

கேள்வி: விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டம் ஒன்று கேட்கிறார்கள். நான் ‘வடமாகாணத்தில் போருக்குப் பிந்திய நிலைபேறான அபிவிருத்தி’ என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன். இது போதுமா? ஆய்வு செய்து பழக்கமில்லாத எம்மைப் போன்றவர்கள் எப்படி எழுதுவது?
— அபிவிருத்தி உத்தியோகத்தர், கிளிநொச்சி

போதாது. இதை உங்கள் மனம் நோகச் சொல்லவில்லை. எனக்கு வாசிக்கத் தரப்படும் திட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவை இதே அகலத்தில்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில், அதிலும் முதலாண்டு முழுவதும் பாடங்களுக்கே போய்விடும் நிலையில், ஒரு மாகாணத்தின் அபிவிருத்தி முழுவதையும் ஒருவரால் ஆராய முடியாது என்பது பேராசிரியருக்குத் தெரியும். அந்தத் தலைப்பைப் பார்த்தவுடன், இவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

ஆய்வு செய்து பழக்கமில்லை என்கிறீர்கள். நான் உடன்பட மாட்டேன். சில காலத்துக்கு முன் ஓர் இளம் உத்தியோகத்தர் இதே போன்ற தலைப்புடன் என்னிடம் வந்தார். தலைப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, கடந்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பொதுமக்கள் நாள், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடுகளைப் பார்த்தேன் என்றார். யார் வந்தார்கள் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கணவரை இழந்தவர், கூலி வேலை, ஒரு பொலித்தீன் பையில் ஆவணங்களையெல்லாம் மடித்துக் கொண்டு வந்திருந்தார். அந்தப் பையிலிருந்து அவர் முதலில் எடுத்து மேசையில் வைத்தது தன் வீட்டின் படம். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை. “ஐயா, இந்த வீட்டாலதான் எனக்கு வெட்டிப்போட்டினம்” என்றாராம்.

அஸ்வெசும பயனாளிகள் 2023 முதல் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு மதிப்பிடப்படுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வருமானம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு நன்கொடையாகக் கிடைத்த வீடு, அதே குடும்பத்தை வசதியுள்ளதாகக் காட்டிவிடுகிறதா? அந்தப் பெண்ணின் கூற்று சரியா, தவறா என்பது இன்னும் எவருக்கும் தெரியாது. தெரியாதது என்பதாலேயே அது ஆய்வுக்குரியது. ‘நன்கொடை வீடு பெற்ற குடும்பங்கள், ஏறத்தாழ அதே வருமானமுள்ள ஏனைய குடும்பங்களைவிட நலன்புரித் தெரிவில் விடுபடும் வாய்ப்பு அதிகமா?’ இந்த ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. எழுதி முடித்ததும் மற்றவையெல்லாம் தாமாகவே வந்தன: எந்த இரண்டு கிராம அலுவலர் பிரிவுகள், எத்தனை குடும்பங்கள், என்னென்ன கேள்விகள், எந்தப் புள்ளிவிபர முறை தேவைப்படும், அதனால் எந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்பன எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து நின்றன.

உங்கள் மேசையிலும் இப்படியொன்று இருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்குக் காணி ஒதுக்கும் கூட்டத்தில் ஆண்டுதோறும் எழும் அதே வாக்குவாதமாக இருக்கலாம். ஒதுக்கிய பணம் ஆண்டிறுதியில் திறைசேரிக்குத் திரும்பிச் செல்லும் ஒரு திட்டமாக இருக்கலாம். கொழும்பில் இருப்பவருக்கு இவற்றை எட்டத்திலிருந்துதான் தெரியும். இந்த வகையில் கிளிநொச்சியில் இருப்பவரே முன்னால் நிற்கிறார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். அலுவலகத்தில் உள்ள குடும்ப விபரங்களை எடுத்துக்கொண்டு போய் ஆய்வில் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலாக, மக்கள் உதவி கேட்டு வந்தபோது நம்பித் தந்த விபரங்கள் அவை. எழுத்துமூல அனுமதி பெறுங்கள். முடிந்தவரை உங்கள் சொந்த வினாக்கொத்தின் மூலம் புதிதாகத் திரட்டுங்கள்.

கேள்வி: கணிதப் பரீட்சை உண்டு என்பதைக் கேட்டதும் பயமாக இருக்கிறது. சாதாரண தரத்துக்குப் பிறகு கணிதத்தைத் தொட்டதே இல்லை.
— நிருவாக சேவை உத்தியோகத்தர், மட்டக்களப்பு

பயப்படுவதற்கு அது பெரிய மலை அன்று. ஆனால் ஆயத்தமின்றிப் போகவும் கூடாது. பொதுக் கொள்கை, பொருளியல் சார்ந்த கற்கைநெறிகளில் நுண்பொருளியலும் புள்ளிவிபரவியலும் முதல் தவணையிலேயே வந்துவிடும். சாய்வு என்றால் என்ன, நிகழ்தகவு எப்படிக் கணிக்கப்படுகிறது, இரு சமன்பாடுகளை எப்படித் தீர்ப்பது என்பவை தெரியாமல் அவற்றில் அமர்ந்தால், விரிவுரையின் ஆங்கிலத்தோடும் கணிதத்தோடும் ஒரே நேரத்தில் போராட நேரிடும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பத்தாம், பதினோராம் தரக் கணிதப் பாடநூல்களைத் தமிழிலேயே எடுத்து, ஒரு பயிற்சி விடாமல் செய்து முடியுங்கள். கருத்து தாய்மொழியில் தெளிந்த பிறகு, அதே பாடத்தின் ஆங்கிலமொழி நூலை அருகில் வைத்துச் சொற்களை மட்டும் மாற்றிப் பழகலாம். நேரே ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள் இடையில் கைவிட்டதையும் இப்படித் தொடங்கியவர்கள் நான்கு மாதங்களில் தேறியதையும் கண்டிருக்கிறேன். அதன் பிறகு எளிய வகையீட்டை ஒரு மாதம் பாருங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். கோவைகளில் நாம் எழுதும் ஆங்கிலம் பணிப்புரைக்குரிய ஆங்கிலம். ஒரு கருத்தை முன்வைத்து, காரணம் காட்டி, எதிர்க்கருத்துக்கும் பதில் சொல்லும் எழுத்துக்கு அது உதவாது. அன்று அலுவலகத்தில் எடுத்த ஒரு முடிவை, ஏன் அப்படி எடுத்தேன் என்று இரவில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 42. கணக்காளர் சேவையில் இருக்கிறேன். ஜே.டி.எஸ்.ஸுக்கான வயது கடந்துவிட்டது. இனி எனக்கு வழி இல்லையா?
— கணக்காளர், யாழ்ப்பாணம்

வழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றின் நடைமுறையும் வேறு.

பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் ஆகியவற்றுக்கு உச்ச வயதெல்லை இல்லை. அவை அரச உத்தியோகத்தர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் போட்டி பரந்தது. செவனிங்குக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகளாவது தங்கியிருக்க வேண்டும். அவுஸ்திரேலிய அரசின் புலமைப்பரிசிலிலும் அந்த இரண்டு ஆண்டு நிபந்தனை இருக்கிறது.

ஜப்பானிய அரசின் நிதியில் உலக வங்கி 1987 முதல் நடத்திவரும் கூட்டுப் புலமைப்பரிசில் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அபிவிருத்தி சார்ந்த முழுநேரப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். விண்ணப்பிக்கும்போது பணியில் இருக்க வேண்டும். இங்கே வரிசை தலைகீழ்: முதலில் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகக் கற்கைநெறி ஒன்றில் நிபந்தனையற்ற அனுமதியைப் பெற வேண்டும், அதன் பிறகே புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். பலர் இதை அறியாமல் புலமைப்பரிசில் அறிவித்தலுக்காகக் காத்திருந்து, அது வரும்போது கையில் அனுமதிக் கடிதம் இல்லாமல் நிற்கிறார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி 1988 முதல் வழங்கும் ஜப்பானியப் புலமைப்பரிசிலிலும் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே போக வேண்டும். அதற்கு வயதெல்லை 35, உயர்பதவியில் இருப்போருக்கு விதிவிலக்காக 45 வரை தளர்த்தப்படலாம்.

நிதித் துறையில் இருப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிதியமைச்சு, மத்திய வங்கி போன்றவற்றில் பணியாற்றும் ஆசிய உத்தியோகத்தர்களுக்கெனச் சர்வதேச நாணய நிதியமும் ஜப்பானும் 1993 முதல் ஒரு முதுமாணிப் புலமைப்பரிசிலை நடத்துகின்றன. அது பேரண்டப் பொருளியலை மையமாகக் கொண்டது; நாளாந்தக் கணக்கீட்டுப் பணியில் இருப்பவருக்கு உடனடியாகப் பொருந்தாது. எனினும் திறைசேரிக்கு இடமாற்றம் பெறும் எண்ணமுள்ள இளைய கணக்காளர்கள் இதை மனத்தில் வைத்திருக்கட்டும்.

கேள்வி: நான் அரச பாடசாலை ஆசிரியர். ஜப்பான் ஆசிரியர்களுக்கும் புலமைப்பரிசில் வழங்குவதாக அறிந்தேன். முதுமாணி கிடைக்குமா?
— ஆசிரியை, திருகோணமலை

ஜப்பானியக் கல்வி அமைச்சின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் கொண்டது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட, ஐந்தாண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு உரியது. பயிற்சி நல்லது. ஆனால் அதன் முடிவில் சான்றிதழ்தான் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. முதுமாணியே நோக்கமானால் பொதுநலவாயப் புலமைப்பரிசிலைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள். புலமைப்பரிசில் கிடைத்தால் அவளையும் அழைத்துச் செல்ல முடியுமா? வீட்டில் எல்லோரும் ‘பிள்ளை வளரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்கிறார்கள்.
— திட்டமிடல் உதவிப் பணிப்பாளர், வவுனியா

சகோதரி, உங்கள் கேள்வியைப் பலமுறை வாசித்தேன். ஜே.டி.எஸ். போன்ற திட்டங்கள் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களைத் தேடுகின்றன. அது ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கும் காலமும் ஆகும். பிள்ளை வளர்ந்த பிறகு வயதெல்லை நின்று காத்திருக்காது. ஆகவே ‘பிறகு’ என்று வீட்டில் சொல்பவர்களுக்கு, அந்தப் ‘பிறகு’ எந்த ஆண்டில் முடிகிறது என்பதைத் திகதியோடு காட்டுங்கள்.

நிதி நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான திட்டங்களின் மாதாந்த உதவிப்பணம் ஒருவருடைய வாழ்க்கைச் செலவுக்கே கணக்கிடப்பட்டது. ஜப்பான் உலக வங்கிக் கூட்டுத் திட்டமோ செவனிங்கோ குடும்பத்தினருக்கென எதுவும் தருவதில்லை. அவுஸ்திரேலியப் புலமைப்பரிசிலில் குடும்பம் கூட வரலாம். ஆனால் அவர்களுடைய பயணம், காப்புறுதி, பாடசாலை ஆகிய செலவுகள் உங்களுடையவை. பொதுநலவாயத் திட்டத்தில் தனித்து வாழும் பெற்றோருக்குப் பிள்ளைக்கான கொடுப்பனவு உண்டு. ஜேர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவை வழங்கும் சில புலமைப்பரிசில்களிலும் குடும்பத்துக்கான உதவி கிடைக்கிறது. பொதுக் கொள்கையும் நல்லாட்சியும் சார்ந்த ஹெல்முட் ஷ்மித் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். மகளை விட்டுச் செல்வதே முடிவானால், ஓராண்டில் முடியும் கற்கைநெறியைத் தெரிவு செய்யுங்கள். டோக்கியோவின் ரொப்பொங்கியில் உள்ள கொள்கைக் கற்கைகளுக்கான தேசிய பட்டதாரி நிறுவகத்தில் அத்தகைய கற்கைநெறிகள் உண்டு. பிரித்தானிய முதுமாணிகளிலும் பெரும்பாலானவை ஓராண்டுக்கு உரியவை.

என் வகுப்பில் பங்களாதேஷைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தார். ஒவ்வொரு நாளும் மாலை விரிவுரை முடிந்ததும் நூலகப் படிக்கட்டில் அமர்ந்து, தொலைபேசியில் மகனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். அரை மணி நேரம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். எங்கள் அணியில் முதலாவதாக ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர் அவர். இலகுவானது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். செய்யக்கூடியது.

கேள்வி: வெளிநாடுகள் எங்கள் உத்தியோகத்தர்களுக்கு இவ்வளவு பணம் செலவழிப்பதில் அவர்களுக்கு என்ன இலாபம்? நாளை அவர்களுக்குச் சாதகமாக நடக்க வைப்பதற்கா?
— ஓய்வுபெற்ற அதிபர், பருத்தித்துறை

இதைக் கேட்பது நியாயம். கொடுக்கும் நாடுகளும் இதை ஒளிப்பதில்லை. எதிர்காலத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கப்போகிறவர்கள் தங்கள் நாட்டை அறிந்தவர்களாக, அங்கே நண்பர்கள் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வெளிப்படையான நோக்கம். இன்று தென்கொரியாவும், பீக்கிங் பல்கலைக்கழகத்தில் 2016 இல் வளர்முக நாடுகளுக்கிடையிலான ‘தென் தென்’ ஒத்துழைப்புக்கென ஒரு நிறுவகத்தை அமைத்த சீனாவும் இதே வழியில் செல்கின்றன.

ஆனால் இதன் தொடக்கம் எங்கள் கொழும்பில் என்பதை நாம் மறந்துவிட்டோம். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது பிறந்த யோசனை, அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்புத் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆசிய நாடுகளின் மாணவர்களும் உத்தியோகத்தர்களும் வெளிநாடுகளில் படிக்கவும் பயிற்சி பெறவும் அத்திட்டம் வழி திறந்தது. போரில் தோற்றிருந்த ஜப்பான் அத்திட்டத்தில் இணைந்தது 1954 ஒக்டோபர் 6 ஆம் திகதி. பிற நாடுகளுக்கு உதவும் தன் வரலாறு அன்றுதான் தொடங்கியது என்று கருதி, அந்நாளை ஜப்பான் இன்றும் சர்வதேச ஒத்துழைப்பு நாளாகக் கொண்டாடுகிறது. ஆகவே இதனை ஒருபக்கத் தானமாகப் பார்த்துக் கூசவும் வேண்டாம், சூழ்ச்சியாகப் பார்த்து அஞ்சவும் வேண்டாம். நான் அங்கே படித்த காலத்தில் ஜப்பானுக்குச் சாதகமாக எதையும் எவரும் என்னிடம் கேட்டதில்லை. அங்கே உள்ளூராட்சி மன்றங்களின் நிதியைப் பற்றிப் படித்தபோது, அவர்களே தாங்கள் செய்த தவறுகளை விரிவாக எடுத்துரைத்தார்கள். அதுவே எனக்கு மிகப் பயன்பட்ட பாடம்.

கேள்வி: படித்து முடித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டால் என்ன நடக்கும்? ஒப்பந்தம் என்பது வெறும் கடதாசி என்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கடதாசி அன்று. சம்பளத்துடனான கல்வி விடுமுறையில் வெளிநாடு செல்லும் உத்தியோகத்தர், திரும்பி வந்து குறித்த காலம் அரச சேவையாற்றுவதாகப் பிணையாளர்களுடன் ஒப்பந்தம் செய்கிறார். மீறினால் அரசு தன் செலவைத் திரும்பக் கோரும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது அந்தக் கோரிக்கைக் கடிதம் எவருடைய வீட்டுக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு நெருங்கிய ஒரு சக உத்தியோகத்தர் நட்புக்காகக் கையொப்பமிட்டார். அவருடைய மகளின் திருமண ஆண்டில் அவருக்கு அந்தக் கடிதம் வந்தது. கையொப்பம் வாங்கியவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

2022 இன் நெருக்கடிக்குப் பிறகு நிலைமை கடினமானது என்பதை நான் மறுக்கவில்லை. அரசே தன் உத்தியோகத்தர்களுக்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை தந்து வெளிநாட்டில் வேலை தேடிக்கொள்ள அனுமதித்த காலம் அது. குடும்பத்துக்காகப் புலம்பெயர வேண்டியவர் அந்த வழியில், தன் பெயரில் போகட்டும். அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தப் புலமைப்பரிசில்களின் இடங்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. நீங்கள் எடுத்த இடம் இன்னொரு பிரதேச செயலகத்தில் இருந்த ஒருவருக்குக் கிடைத்திருக்கும். திரும்பும் எண்ணம் இல்லையானால் விண்ணப்பிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் முதுமாணி முடித்துத் திரும்பி எட்டு மாதங்கள். நீர்வள முகாமைத்துவம் படித்த என்னைத் தொடர்பில்லாத ஒரு பிரிவில் அமர்த்தியிருக்கிறார்கள். படித்ததெல்லாம் வீணா?
— நிருவாக சேவை உத்தியோகத்தர், மன்னார்

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் இது நடந்தது. திரும்பி வந்த முதல் ஆறு மாதங்கள் எனக்கு ஒரு நாற்காலியும் வாகனப் பதிவேடும் மட்டுமே தரப்பட்டன. வெளிநாட்டில் படித்து வரும் உத்தியோகத்தரை எங்கே அமர்த்துவது என்று அவர் புறப்படும்போதே தீர்மானிக்கும் வழக்கம் எம் நிருவாகத்தில் வேரூன்றவில்லை. புலமைப்பரிசில் தரும் நாடு பணத்தைச் செலவழிக்கிறது. பெறும் நாடு அந்தப் படிப்பைப் பதிவேட்டில்கூடக் குறித்து வைப்பதில்லை. இதை நான் மிகப்பெரிய விரயமாகக் கருதுகிறேன்; எழுத வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எழுதியும் வருகிறேன்.

இடமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், விண்ணப்பத்தில் உங்கள் ஆய்வின் தலைப்பையும் அது எந்தத் திணைக்களத்துக்குப் பயன்படும் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஆய்வேட்டை நான்கு பக்கத் தமிழில் சுருக்கி, உங்கள் வினாக்கொத்துக்குப் பதில் சொன்ன கமக்காரர் அமைப்புகளுக்கும் கிராம அலுவலர்களுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

என் ஆய்வு வலிகாமத்தின் தோட்டக் கிணறுகளைப் பற்றியது. சுருக்கத்தை அச்சிட்டு ஒரு கிராம அலுவலரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்து, மூன்றாம் பக்க அட்டவணையில் விரலை வைத்தார். “ஐயா, எங்கட பிரிவில மூன்று பரப்புத் தோட்டம் வச்சிருக்கிறவை இருக்கினம். மூன்று ஏக்கர் வச்சிருக்கிறவை ஒருத்தரும் இல்லை.” பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அந்தப் பிரிவின் பதில்களைப் பதிவு செய்தபோது அலகை மாற்றத் தவறியிருந்தேன். என் மேற்பார்வையாளரும் இரண்டு பரீட்சகர்களும் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்றிரவே அட்டவணையைத் திருத்தினேன். ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றொன்றை மறுநாள் காலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.